புல்வெளி என்னும் பாலை நகர்

லாஸ் வேகாஸ் என்றதும் சூதாட்ட விடுதிகளே நம் நினைவில் எழுகின்றன. ஆயினும் அந்த இஸ்பானியப் பெயருக்குப் புல்வெளிகள் என்பதே பொருள். அமெரிக்காவின் நெவாடா பாலையில் ஊற்றுகள் பெருகிப் புல் தழைத்த அவ்விடத்தில் பையூட் பழங்குடியினர் நெடுங்காலம் வாழ்ந்தனர். 1905 மே 15-இல் இரயில் நிறுவனம் மனைகளை ஏலமிட, நகர் பிறந்தது. 1931-இல் சூதாட்டத்திற்குச் சட்ட அனுமதி கிடைத்தது. அவ்வாண்டே அருகில் ஹூவர் அணையின் கட்டுமானமும் தொடங்கிற்று. 1950-இல் சுமார் 25,000 பேர் வாழ்ந்த நகரில், 2020-இல் 6,40,000 பேருக்கு மேல் வாழ்ந்தனர்.

இவ்வளர்ச்சிக்கு விலை இருந்தது. நிலத்தடி நீர் மிகுதியாக இறைக்கப்பட்டதால் 1962-இல் ஊற்றுகள் வற்றின. இன்று நகரின் நீரில் ஏறத்தாழ 90 விழுக்காடு, கொலராடோ ஆற்றை அணை தடுத்துத் தேக்கிய மீட் ஏரியிலிருந்தே வருகிறது. வீடுகளின் கழிவுநீர் தூய்மையாக்கப்பட்டு மீண்டும் அவ்வேரிக்கே விடப்படுகிறது. பொது இடங்களில் அழகுக்கென்றே வளர்க்கப்படும் புல்லுக்கு அந்த ஆற்றுநீரைப் பாய்ச்சுவதை 2027 முதல் தடை செய்யும் சட்டமும் 2021-இல் இயற்றப்பட்டது.

புல்லால் பெயர் பெற்ற ஊர் புல்லைப் பெயர்த்தெடுக்கிறது! இதனை எள்ளி நகைப்பது எளிது. ஊற்று பெருகியபோது எண்ணாத துளிகளை, அது வற்றியபின் எண்ணக் கற்றது அந்நகர். வற்றுமுன்னரே எண்ணக் கற்றால், நாம் அதனினும் அறிவுடையோர் ஆவோம்.