எட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு சட்டம்

ஒரேயொரு குடும்பத்துக்காக ஒரு தேசத்தின் சட்டசபை தனிச்சட்டம் இயற்றியதென்றால் நம்புவீர்களா, நேயர்களே? 1955 இல் அமெரிக்கக் காங்கிரஸ் அப்படித்தான் செய்தது.

ஒரிகன் மாநிலத்தின் கிரெஸ்வெல் என்ற சிற்றூரில் வாழ்ந்தவர் ஹரி ஹோல்ட். விவசாயி, மரத்தொழிலில் பொருள் சேர்த்தவர். அவருக்கும் மனைவி பேர்த்தாவுக்கும் பிள்ளைகள் ஆறு பேர். 1954 இல் கொரியப் போரின் அநாதைகளைப் பற்றிய படமொன்றைப் பார்த்தார்கள். அமெரிக்கச் சிப்பாய்களுக்கும் கொரியப் பெண்களுக்கும் பிறந்த குழந்தைகள் அதில் வந்தார்கள். தகப்பன் வழியாகவே குடும்பப் பதிவு எழுதப்பட்ட சமூகத்தில், தகப்பன் பெயரற்ற பிள்ளைக்கு ஏட்டிலும் இடமில்லை, தெருவிலும் இடமில்லை.

எட்டுப் பேரை எடுப்பதென்று தம்பதியர் தீர்மானித்தனர். அன்றைய அகதிகள் சட்டமோ குடும்பத்துக்கு இருவர்தான் என்றது. தனிச்சட்டம் பிறந்த கதை இதுதான். ஒக்ரோபரில் ஹரி பன்னிரண்டு குழந்தைகளுடன் வந்திறங்கினார்; எட்டுப் பேர் அவர் வீட்டுக்கு. ஏற்கனவே மாரடைப்புக் கண்டவர், வயதோ ஐம்பதைத் தாண்டிவிட்டது!

பத்திரிகைகள் இதை எழுத, எங்களுக்கும் ஒரு பிள்ளை வேண்டுமென்று பலர் கேட்டனர். 1956 இல் ஹோல்ட் ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார். பெற்றோராகப் போகிறவர்கள் கொரியாவுக்குப் போகாமலே, பதிலாள் மூலம் தத்தெடுக்கலாம். வளர்க்கப் போகும் வீட்டை ஒழுங்காக விசாரிப்பதில்லையென்று சமூகப் பணியாளர்கள் கண்டித்தனர். அவர்கள் பக்கம் நியாயம் இருந்தது. 1961 இல் அம்முறை நிறுத்தப்பட்டது. ஆனால் ஒன்று: கலப்பினக் குழந்தைகளை எவரும் ஏற்கமாட்டார்களென்று பழைய நிறுவனங்கள் ஒதுக்கியதனால்தான் நாவலாசிரியை பேர்ள் பக் 1949 இலேயே தனியாக ஓர் இல்லம் தொடங்க வேண்டியிருந்தது.

போர் ஓய்ந்தும் பயணம் ஓயவில்லை. 1985 இல் மட்டும் எண்ணாயிரத்துக்கு மேற்பட்ட கொரியக் குழந்தைகள் வெளிநாடு சென்றனர். பெரும்பாலோர் வறிய தாய்மாரின், மணமாகாத தாய்மாரின் பிள்ளைகள். தாய் உயிரோடிருக்க, ஏட்டில் 'அநாதை' என்று எழுதப்பட்டவர்கள் பலர். எழுபது, எண்பதுகளில் எங்கள் நாட்டிலிருந்து ஐரோப்பா சென்ற குழந்தைகள் சிலரின் பத்திரங்களிலும் புரட்டு உண்டு. 2025 இல் தென்கொரிய உண்மை, நல்லிணக்க ஆணைக்குழு, பொய்ப் பதிவுகளுக்கு இடமளித்த அரசே பொறுப்பென்று கூறியது.

ஹரி 1964 இல் கொரியாவிலேயே காலமானார். இல்சானில் அடக்கம் செய்யப்பட்டார். வெளிநாடுகளில் வளர்ந்த பிள்ளைகள் 2020 முதல் கொரியத் தூதரகங்களில் தம் மரபணு மாதிரியைக் கொடுத்து வருகிறார்கள். பொருத்தம் கிடைக்கவேண்டுமானால், கொரியாவில் அந்தத் தாயும் தன் மாதிரியைக் கொடுத்திருக்கவேண்டும்.