திண்டிவனம் வட்டாரத் தொன்மைக் கோயில் உலா

திண்டிவனம் வட்டாரத் தொன்மைக் கோயில் உலா என்பது விழுப்புரம் மாவட்டத்தின் பழங்குகைகள், பல்லவர் குடைவரைகள், சோழர் கற்றளிகள் ஆகியவற்றை ஒரே பகலில், வரலாறு அறிந்த வழிகாட்டி ஒருவருடன் தனிக்குழுவாகச் சென்று காணும் பயணம். வழக்கமாகப் பெருமுக்கல் மலையில் தொடங்கி, மண்டகப்பட்டு, தளவானூர், பனமலை, எண்ணாயிரம் ஆகிய ஊர்களில் சிலவற்றையோ அனைத்தையுமோ கண்டு விழுப்புரத்தில் முடியும். வேண்டுதலுக்காகச் செல்லும் தலயாத்திரையிலிருந்து இது வேறானது. இங்கே கல்வெட்டும் தூண் அமைப்பும் சிற்பமும் பார்க்கப்படுகின்றன; வழிபாடு அவரவர் விருப்பம்.

இலக்கியப் பின்புலம்

வழிகாட்டிப் பயணம் இவ்வட்டாரத்துக்குப் புதிதன்று. பத்துப்பாட்டுள் ஒன்றான சிறுபாணாற்றுப்படை இந்நிலத்தின் வழியைத்தான் விரிக்கிறது. இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார் 269 அடிகளில் பாடிய இந்நூலின் தலைவன், ஓய்மானாட்டை ஆண்ட நல்லியக்கோடன். பரிசில் பெற்றுத் திரும்பும் பாணன், வறுமையுடன் எதிர்வரும் பாணனுக்கு வழி சொல்கிறான். இன்று மரக்காணம் எனப்படும் எயிற்பட்டினம், அடுத்து வேலூர், ஆமூர், முடிவில் கிடங்கில் என ஊர்கள் வரிசையாக வருகின்றன. எந்த ஊரில் யார் விருந்து தருவர், என்ன உணவு கிடைக்கும் என்பதும் சொல்லப்படுகிறது: கடற்கரையில் சுட்ட மீன், வேட்டுவர் ஊரில் இறைச்சி, மருத நிலத்தில் வெண்சோற்றுடன் நண்டு. கிடங்கில் இன்று திண்டிவனம் நகரின் ஒரு பகுதி. பெருமுக்கலும் பழைய ஓய்மானாட்டைச் சேர்ந்ததே.

ஆய்வாளர்கள் வகுத்த பாதை

இன்றைய உலாவின் நிறுத்தங்களைப் பெரும்பாலும் முடிவு செய்தவர்கள் தொல்லியல் அறிஞர்கள். 1890-இல் ஹுல்ஷ் பதிப்பித்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதியிலேயே பனமலை வடமொழிக் கல்வெட்டு இடம்பெற்றது. புதுச்சேரியில் பேராசிரியராக இருந்த பிரெஞ்சு அறிஞர் ழூவோ துப்ரேய், 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்லவச் சின்னங்களை நேரில் சென்று ஆராய்ந்தார். லாங்ஹர்ஸ்ட் 1924, 1928, 1930 ஆகிய ஆண்டுகளில் மூன்று பகுதிகளாகப் பல்லவர் கட்டடக்கலை நூலை வெளியிட்டார். கே.ஆர். சீனிவாசன் எழுதி 1964-இல் இந்தியத் தொல்லியல் துறை வெளியிட்ட பல்லவர் குடைவரைகள் பற்றிய நூல் இன்றும் வழிகாட்டிகளின் கைந்நூலாக உள்ளது. இவர்கள் எழுதிய ஊர்களுக்கு வண்டிகள் செல்கின்றன.

சின்னங்களின் வகைப்பாடு

உலாவில் காணும் சின்னங்களை நான்கு வகையாகப் பிரிக்கலாம்.

1. இயற்கைக் குகை. பெருமுக்கல் மலையில் சீதை குகை என ஊரார் அழைக்கும் இடத்தில் பாறையில் கீறப்பட்ட தொல்பழங்கால உருவங்கள் உள்ளன. இவை வண்ணம் தீட்டியவை அல்ல. கல்லைக் கீறி உருவாக்கியவை. காலைச் சாய்வெயிலில்தான் கோடுகள் தெளியும்.

2. குடைவரை. தொண்டைமண்டலத்தின் முதல் குடைவரை மண்டகப்பட்டு. முதலாம் மகேந்திரவர்மன் (7-ஆம் நூற்றாண்டின் முற்பகுதி) இதனை நான்முகன், சிவன், திருமால் மூவருக்கும் எடுத்தான். பின்சுவரில் மூன்று கருவறைகள் உள்ளன. முகப்பின் இரு முனைகளிலும் வாயிற்காவலர் நிற்கின்றனர். செங்கல், மரம், உலோகம், சுதை எதுவுமின்றி விசித்திரசித்தன் (மகேந்திரனின் பட்டப்பெயர்) இதை ஆக்கினான் என்று கிரந்த எழுத்தில் அமைந்த வடமொழிக் கல்வெட்டு கூறுகிறது. அதுவரை கோயில்கள் எவற்றால் கட்டப்பட்டன என்பதற்கும் இக்கல்வெட்டே மறைமுகச் சான்று. தூண்கள் மேலும் கீழும் சதுரமாகவும் நடுவே எண்பட்டையாகவும் அமைந்தவை. மகேந்திரன் பாணியை அடையாளம் காண இதுவே முதல் குறி. பின்வந்த மாமல்லன் பாணியில் தூணடியில் சிங்கம் அமர்ந்துவிடும். தளவானூர்க் குடைவரை மகேந்திரனின் சத்ருமல்லன் என்ற பட்டப்பெயரால் சத்ருமல்லேசுவரம் எனப்பட்டது. அதன் முகப்பின் மேலுள்ள மகர தோரணம் மண்டகப்பட்டில் இல்லாதது. கருவறை பின்சுவரில் அமையாமல் பக்கச் சுவரில் குடையப்பட்டுள்ளது. ஒரே நாளில் இரண்டையும் பார்ப்பவர் இந்த வேறுபாட்டை எளிதில் காணலாம்.

3. பல்லவர் கற்றளி. பனமலை தாளகிரீசுவரர் கோயில் ஏரிக்கரைக் குன்றின் மேல் இராசசிம்மன் எனும் இரண்டாம் நரசிம்மவர்மன் எடுத்தது. காஞ்சிக் கயிலாசநாதர் கோயிலும் அவன் பணியே. வடபுறச் சிற்றாலயச் சுவரில் சிவனின் ஆடலைக் காணும் உமையின் ஓவியம் எஞ்சியுள்ளது. குடை நிழலில், ஒரு காலை மடக்கி நிற்கும் இவ்வுருவம் தமிழகத்துப் பல்லவ ஓவியங்களில் தலையாயது. குன்றிலேயே மகிடமர்த்தினி குடைவரை ஒன்றும் உண்டு.

4. சோழர் கற்றளி. எண்ணாயிரம் அழகிய நரசிம்மப் பெருமாள் கோயிலின் முதலாம் இராசேந்திரன் காலக் கல்வெட்டு, 340 மாணவர் தங்கிப் பயின்ற வேதக் கல்லூரிக்கு அளித்த நெல்லையும் பொன்னையும் கணக்கிட்டுச் சொல்கிறது. அருகிலுள்ள எசாலத்தில் 1987-இல் அதே மன்னனின் செப்பேடுகள் கிடைத்தன. திண்டிவனம் பக்கத்துத் தாதாபுரம், பழைய இராசராசபுரம். இங்கே இராசராசனின் தமக்கை குந்தவை சிவன், திருமால், சமணம் மூன்றுக்கும் கோயில் எடுத்தாள். சமணக் கோயில் இன்றில்லை.

பெருமுக்கல்

திண்டிவனத்துக்குக் கிழக்கே ஏறத்தாழ 10 கி.மீ. தொலைவில், மரக்காணம் சாலையை ஒட்டிய மலையூர். மலைமேல் முக்தியாலீசுவரர் கோயில் உள்ளது. சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டுகளில் ஊர் கங்கைகொண்டநல்லூர் என்றும் குறிக்கப்படுகிறது. வான்மீகி தவமிருந்ததாகவும் சீதை இங்கே அடைக்கலம் பெற்றதாகவும் தலக்கதை வழங்குகிறது.

ஆங்கிலேயர் ஆவணங்கள் இவ்வூரைப் பெர்மாக்கோயில் எனக் குறிக்கும். 1760 சனவரி 22-இல் வந்தவாசிப் போரில் தோற்ற பிரெஞ்சுப் படை புதுச்சேரிக்குப் பின்வாங்கும்போது இம்மலைக் கோட்டையில் ஒரு சிறு காவற்படையை நிறுத்தியது. ஆங்கிலேயத் தளபதி அயர் கூட் அதனைத் தாக்கிப் பிடித்தார். அந்தத் தாக்குதலில் அவரே காயமடைந்தார். அடுத்த ஆண்டு சனவரியில் புதுச்சேரியும் வீழ்ந்தது. பின்னர் ஐதர் அலி, திப்பு சுல்தான் போர்களிலும் கோட்டை கைமாறியது. தொல்பழங்காலம், சோழர் காலம், ஐரோப்பியர் காலம் மூன்றையும் ஒரே ஏற்றத்தில் காட்டுவதால் உலாவின் தொடக்கத்துக்கு இம்மலையே ஏற்றது.

உலா நடைபெறும் முறை

நாளின் வரிசையை முடிவு செய்வது வரலாற்றுக் காலம் அன்று. வெயிலும் பூசை நேரமும்தான். பாறை சுடுமுன் மலையேற வேண்டும் என்பதால் பெருமுக்கல் காலையில் வரும். வழிபாட்டுக் கோயில்கள் நண்பகலில் நடை சாத்திப் பிற்பகல் நான்கு மணி அளவில் திறக்கும். ஒருகால பூசை மட்டும் நடக்கும் சிற்றூர்க் கோயில்களில் குருக்கள் வந்தால்தான் கதவு திறக்கும். ஆதலால் அன்றாடப் பூசையற்ற மண்டகப்பட்டும் தளவானூரும் நடுப்பகலுக்கு வைக்கப்படுகின்றன. பனமலையும் எண்ணாயிரமும் மாலைக்குரியவை. இதனால் பயணி சோழரைக் கண்டபின் பல்லவரைக் காண்கிறார். முன்பின்னாகக் கண்டதைக் காலவரிசையில் கோத்துத் தருவதே வழிகாட்டியின் தலையாய வேலை. குருக்களுக்கும் தொல்லியல் துறைக் காவலருக்கும் முதல்நாளே தொலைபேசியில் சொல்லிவைப்பது அடுத்தது. செருப்பைக் கழற்றிவிட்டு ஏற வேண்டிய இடம், படம் எடுக்கக் கூடாத கருவறை ஆகியவற்றையும் அவரே முன்னதாகச் சொல்லிவிடுவார்.

செஞ்சிக் கோட்டை இந்த உலாவில் சேர்வதில்லை. அதற்கே ஒரு முழுநாள் வேண்டும். திருவக்கரை சந்திரமௌலீசுவரர் கோயிலையும் அங்குள்ள தேசியக் கல்மரப் பூங்காவையும் நேரம் இருந்தால் சேர்ப்பர்.

பிற நாடுகளில்

ஒருநாள் தனிக்குழு உலா எகிப்தில் வளர்ந்த தொழில். தாமஸ் குக் 1869-இல் அங்கே பயணக் குழுவை அழைத்துச் சென்றார். லக்சர் நகரில் நைலின் கிழக்குக் கரையில் கர்னாக், லக்சர் கோயில்களையும், மேற்குக் கரையில் அரசி ஹத்செப்சுத்தின் கோயிலையும் மெதினெத் ஹாபுவையும் உரிமம் பெற்ற வழிகாட்டிகள் ஒரே பகலில் காட்டுகின்றனர். அங்குள்ளவை வழிபாடு ஓய்ந்த கோயில்கள். நுழைவுச்சீட்டு நேரம் முழுதும் திறந்திருக்கும். தமிழகத்தில் கோயில்கள் பல இன்றும் வழிபாட்டில் இருப்பதால் அத்தகைய நேர அட்டவணை இங்கே பொருந்தாது.

இன்றைய நிலை

மண்டகப்பட்டு, தளவானூர், பனமலை ஆகியவை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளன. பெருமுக்கல் சுற்றுவட்டாரத்தில் கல்குவாரிகள் இயங்குகின்றன. மரபு நடை நடத்தும் ஆர்வலர் குழுக்கள் அவ்வப்போது இவ்வூர்களுக்கு வருகின்றன. செஞ்சிக் கோட்டை 2025 சூலையில் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னங்களின் பட்டியலில் இடம்பெற்றது.