கோயிலில் போட்ட வட்டமும் இடித்த சுவரும்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது படியுங்கள்.

போன ஞாயிறு பூசை முடிந்து எங்கள் பங்குக் கோயில் முற்றத்தில் நின்றுகொண்டிருந்தேன். என் பேத்தி தரையில் எதையோ பார்த்துவிட்டு, "ஆயா, இது என்ன விளையாட்டு? யாரு பாண்டிக் கட்டம் போட்டது?" என்று கேட்டாள். குனிந்து பார்த்தேன். வெள்ளைப் பெயின்டில் வட்டம். முக்கால்வாசி அழிந்துவிட்டது. கொரோனா காலத்தில் ஆளுக்கு ஒரு வட்டமாகப் போட்டது. அப்போது அவளுக்கு ஒரு வயது. அவளுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. வீட்டுக்கு வந்ததும் எழுதி வைக்கலாம் என்று தோன்றியது. பாடப் புத்தகத்தில் ஊரடங்கு வரும், தடுப்பூசி வரும். கோயிலில் வட்டம் போட்ட கதை வராது.

2020 மார்ச் 22, தவக்காலத்தின் நான்காம் ஞாயிறு. அன்றுதான் மக்கள் ஊரடங்கு. 25ஆம் தேதி முதல் நாடு முழுவதும் ஊரடங்கு. அதே மார்ச் 25 அன்று வத்திக்கானிலிருந்து புனித வாரத்துக்கான ஆணை வந்தது. மக்கள் இல்லாமல் பூசை. பெரிய வியாழன் அன்று பாதம் கழுவும் சடங்கு வேண்டாம். பெரிய வெள்ளி அன்று பூசை செய்யும் குரு மட்டும் சிலுவையை முத்தி செய்தால் போதும். நாங்கள் வரிசையில் நின்று, குழந்தைகளைத் தூக்கிப் பிடித்து முத்தி செய்த சிலுவை அந்த ஆண்டு பூட்டிய கோயிலுக்குள் இருந்தது.

ஏப்ரல் 5 குருத்து ஞாயிறு. ஓலை கிடையாது, பவனி கிடையாது. அன்று இரவு 9 மணிக்குத்தான் பிரதமர் சொன்னபடி எல்லோரும் வாசலில் விளக்கேற்றினார்கள். எங்கள் தெருவில் ஒரு பாட்டி, போன வருடத்து மந்திரித்த குருத்தோலையை விளக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். சாம்பல் புதனுக்கு முன்பே கோயிலில் கொடுத்திருக்க வேண்டிய ஓலை. கொடுக்க மறந்துபோனதே நல்லதாகப் போயிற்று என்றார்.

அதே பாட்டி தினமும் காலையில் குளித்து, வெளுத்த புடவை கட்டி, தலையில் முக்காடு போட்டு, செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் பேரனின் செல்போன் முன் உட்காருவார். எழுந்தேற்றம் வரும்போது முழங்காலில் நிற்பார். நெட் நின்றுபோனால் பேரனைத் திட்டுவார், சாமியாரைத் திட்ட மாட்டார்.

செல்போனில் பூசை பார்ப்பது பூசை ஆகுமா என்று அப்போது வாட்ஸ்அப்பில் பெரிய சண்டையே நடந்தது. இதற்கு ஒரு பழைய கதை உண்டு. 1576இல் இத்தாலியின் மிலான் நகரில் கொள்ளைநோய் வந்தபோது மக்களை வீட்டை விட்டு வெளியே வரவிடவில்லை. அங்கே பேராயராக இருந்த புனித சார்லஸ் பொரோமேயோ தெரு முனைகளில் பீடம் அமைக்கச் சொன்னார். குரு முனையில் பூசை செய்ய, மக்கள் சன்னலிலும் வாசற்படியிலும் நின்று பங்கெடுத்தார்கள். 444 ஆண்டு கழித்து நமக்கு அந்தச் சன்னல் செல்போனாக வந்தது, அவ்வளவுதான். 2020 மார்ச் 27 அன்று மழையில் ஆளில்லாத சதுக்கத்தில் போப் பிரான்சிஸ் தனியாகச் செபித்ததை நம்மில் பலர் பார்த்தோம். அப்போது அங்கே வைத்திருந்த சிலுவை, 1522இல் உரோமை நகரில் கொள்ளைநோய் வந்தபோது தெருத் தெருவாகத் தூக்கிச் சென்ற அதே சிலுவை.

நம் ஊருக்கும் கோயிலை இழந்து பழக்கம் உண்டு. மிஷன் வீதியில் இருக்கும் ஜென்மராக்கினி மாதா பேராலயத்தை, நம் பெரியவர்கள் சொல்லும் சம்பா கோயிலை, எடுத்துக்கொள்ளுங்கள். 1693இல் டச்சுக்காரர்கள் புதுச்சேரியைப் பிடித்தபோது முதல் கோயில் போயிற்று. 1761இல் ஆங்கிலேயர்கள் ஊரையே தரைமட்டமாக்கியபோது அன்றிருந்த பெரிய கோயிலும் போயிற்று. இன்று நாம் பார்ப்பது 1791இல் முடிந்த கட்டடம். அப்போதெல்லாம் மக்கள் இருந்தார்கள், கோயில் இல்லை. 2020இல் கோயில் அப்படியே இருந்தது, உள்ளே நாங்கள் இல்லை.

ஜூன் 8 முதல் புதுச்சேரியில் வழிபாட்டுத் தலங்களைத் திறக்கலாம் என்று அனுமதி வந்தது. தமிழ்நாட்டில் வரவில்லை. அங்கே ஜூலையில் சிறிய கிராமக் கோயில்களுக்கு மட்டும், செப்டம்பர் 1 முதல்தான் எல்லாவற்றுக்கும். எங்கள் புதுவை–கடலூர் உயர்மறைமாவட்டம் இரண்டு அரசுகளின் எல்லையிலும் கிடக்கிறது. பிரெஞ்சுக்காரர்களும் ஆங்கிலேயர்களும் துண்டு துண்டாகப் பிரித்து வைத்த நிலம் இது. ஒரே பேராயர், ஒரே செபப் புத்தகம். ஆனால் கோரிமேட்டுக்கு இந்தப் பக்கம் பூசைக்குப் போகலாம், அந்தப் பக்கம் போகக்கூடாது. எல்லையில் போலீஸ் தடுப்பு. அந்தப் பக்கத்து உறவினர்கள் போன் செய்து, "உங்களுக்கென்ன, பாண்டிக்காரங்க, நன்மை வாங்குறீங்க" என்பார்கள். பிரெஞ்சு பென்ஷனுக்கு அடுத்தபடியாக எங்களைப் பார்த்துப் பொறாமைப்பட்டது அதற்காகத்தான்!

திறந்தார்களே தவிர, அது பழைய கோயில் இல்லை. ஜூன் 4 அன்று மத்திய சுகாதார அமைச்சகம் கொடுத்த விதிகள் வாசலில் ஒட்டியிருந்தன. சுரூபத்தைத் தொடக்கூடாது, தீர்த்தம் தெளிக்கக்கூடாது, ஆறடி தள்ளி இருக்க வேண்டும், 65 வயதுக்கு மேற்பட்டவர்களும் பத்து வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளும் வீட்டில் இருப்பது நல்லது. பாடல் குழு கூடாது, வேண்டுமானால் ஒலிப்பதிவைப் போடலாம். நான் முப்பது வருடம் பாடல் குழுவில் இருந்தவள். பாட்டு தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு முகக்கவசத்துக்குள் நின்ற அந்தப் பூசைகளை மறக்க முடியாது.

முதல் ஞாயிறு வாசலில் காய்ச்சல் பார்க்கும் கருவியோடு நின்றவன் என்னிடம் மூன்றாம் வகுப்பு படித்தவன். "டீச்சர், தப்பா நினைக்காதீங்க, வயசு என்ன?" என்றான். "அறுபத்தொன்று" என்றேன். நெற்றிக்கு நேரே கருவியை வைத்துவிட்டு, "போங்க டீச்சர், அஞ்சாவது வட்டம்" என்றான். என் வகுப்பில் அவனுக்கு நான் இடம் காட்டினேன். கோயிலில் எனக்கு அவன் இடம் காட்டினான்.

அந்த ஐந்தாவது வட்டத்தில் நின்றபோது வந்த நினைவைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன்.

சின்ன வயதில் விடுமுறைக்கு எல்லைக்கு அந்தப் பக்கம் இருந்த ஒரு கிராமத்துக்குப் போவோம். அந்தக் கோயிலில் நடுப்பகுதி எங்களுக்கு. சேரியிலிருந்து வருபவர்கள் பக்கவாட்டில். யாரும் வட்டம் போடவில்லை, கயிறு கட்டவில்லை. எல்லோருக்கும் தெரிந்திருந்தது. நன்மை வாங்கவும் நாங்கள் முதலில், அவர்கள் பிறகு. நான் ஏன் என்று கேட்டதில்லை. ஆசிரியர் பயிற்சி முடித்து வேலைக்கு வந்த பிறகும் பல வருடம் கேட்டதில்லை. இதை எழுத எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

நம் ஊர் வரலாற்றிலும் இது உண்டு. துய்ப்ளேக்ஸ் காலத்துத் துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் 1745 அக்டோபர் குறிப்பைப் படித்துப் பாருங்கள். சம்பா கோயிலுக்குள் அன்று ஒரு சுவர் இருந்தது. சுவருக்கு ஒரு பக்கம் தலித் கிறிஸ்தவர்கள், மறுபக்கம் சாதிக் கிறிஸ்தவர்களும் சட்டைக்காரர்களும் ஐரோப்பியர்களும். தள்ளி வைக்கப்பட்டவர்கள் கோயிலின் தலைமைக் குருவிடம் போய், நாங்களும் உங்கள் சீடர்கள்தானே என்று முறையிட்டார்கள். இயேசு சபைக் குரு கேர்தூ அந்தச் சுவரை இடிக்கச் செய்தார். சமஸ்கிருதத்துக்கும் லத்தீனுக்கும் உள்ள உறவைக் குறித்து முதலில் எழுதியவர்களில் ஒருவர் என்று மொழியியலில் பேர் வாங்கிய அதே கேர்தூதான். சுவர் போனதும் மறுபக்கத்தில் பெரிய கலவரம். இனி கோயிலுக்கு வரமாட்டோம் என்றுகூடப் பேசினார்கள்.

கொரோனா வந்தபோது அரசு, டிவி, பள்ளிக்கூடம் எல்லாம் "சமூக இடைவெளி" என்றன. உலக சுகாதார நிறுவனமே 2020 மார்ச்சில் அந்தச் சொல்லை விட்டுவிட்டு, உடல் அளவிலான இடைவெளி என்று சொல்ல ஆரம்பித்தது. மனத்தால் விலக வேண்டாம், உடம்பால் தள்ளி இருந்தால் போதும் என்பது அதன் பொருள். நம் கோயில்களில் முந்நூறு வருடமாக நடந்தது இதற்கு நேர் எதிர். நோய் ஏதும் இல்லாமலே சமூக இடைவெளி. 2020இல் போட்ட வட்டத்தில்தான் யார் முதலில் வந்தாரோ அவர் முதலில் நின்றார். என் முன்னால் நான்காவது வட்டத்தில் நின்றவர் எங்கள் தெருவைப் பெருக்க வரும் அம்மா. எத்தனையோ வருடம் ஒரே கோயிலுக்குப் போயும் அவர் எனக்கு முன்னால் நின்று நன்மை வாங்கியதை அன்றுதான் பார்த்தேன்.

உயிரோடு இருப்பவர்களுக்கு வட்டம் சமமாகத்தான் இருந்தது. இறந்தவர்கள் விஷயம் வேறு.

2020 ஜூனில் கோபாலன்கடையில், கொரோனாவில் இறந்த ஒருவரின் உடலைப் பாதுகாப்பு உடை போட்டவர்கள் குழியில் வீசிய காணொளி நாடு முழுக்கப் பரவியது. பார்த்த இரவு எனக்குத் தூக்கமில்லை. மரித்தோரை அடக்கம் செய்வது இரக்கச் செயல்களில் ஒன்று என்று ஞானோபதேச வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான்.

இரண்டாம் அலை எங்கள் வீட்டுக்கே வந்தது. 2021 மே 4 அன்று, பதினாறு வருடத்துக்கு மேல் எங்கள் பேராயராக இருந்து அந்த ஜனவரியில்தான் ஓய்வு பெற்ற ஆண்டகை அந்தோணி ஆனந்தராயர் கொரோனாவால் இறந்தார். ஊரே கூடி வழியனுப்ப வேண்டியவர். நான் வீட்டிலிருந்து ஜெபமாலை சொன்னேன். அதே மாதம் என் அத்தை ஒரு மருத்துவமனையில் இறந்தார்.

அத்தையைப் பற்றி உண்மையைச் சொல்ல வேண்டும். பக்தியானவர். தினப் பூசை தவறாதவர். ஆனால் வேலைக்கு வருகிறவர்களுக்குத் தனி டம்ளர் வைத்திருந்தவர். எங்கள் யாருக்கும் அதைக் கேட்கத் துணிவு இல்லை. அவரை அடக்கம் செய்தபோது குடும்பத்தில் நாங்கள் மூன்று பேர்தான், அதுவும் தள்ளி. சாவு மணி அடிக்கவில்லை. பெட்டியைத் தூக்கியவர்கள் நான்கு தன்னார்வ இளைஞர்கள். முகம் தெரியவில்லை. எந்த ஊர், என்ன மதம், என்ன சாதி, யாரும் கேட்கவில்லை. வியர்வையில் நனைந்த பிளாஸ்டிக் உடையோடு கயிறு பிடித்து, அத்தையை மெதுவாக, ஆட்டாமல் அசைக்காமல் இறக்கினார்கள். சாமியார் தூரத்திலிருந்து செபம் சொன்னார். முடிந்ததும் அந்த நால்வரில் ஒருவன் குனிந்து ஒரு பிடி மண் போட்டு, "வாங்கம்மா, நீங்களும் போடுங்க, பயப்படாதீங்க" என்று என்னைக் கூப்பிட்டான்.

அந்த நான்கு பேருக்கு அத்தை உயிரோடு இருந்தபோது எந்த டம்ளரில் காபி கொடுத்திருப்பார் என்பது இன்றுவரை என்னை விடாத கேள்வி.

எங்கள் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்த இறையூரில் 2008 மார்ச்சில் சாதிக் கிறிஸ்தவர்களுக்கும் தலித் கிறிஸ்தவர்களுக்கும் நடந்த மோதலில் துப்பாக்கிச் சூடு வரை போய் இரண்டு உயிர்கள் போயின. தலித் மக்கள் தனிப் பங்கு கேட்டதையொட்டி மூண்ட பிரச்சினை அது. திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் செத்தவர்களைப் பிரிக்கும் சுவருக்காக வழக்கே நடந்தது. 1745இல் கேர்தூ பாதிரியார் இடித்த சுவரை நாம் வேறு வேறு இடங்களில் திரும்பத் திரும்பக் கட்டியிருக்கிறோம்.

நோய்க்காகப் போட்ட இடைவெளியை இரண்டே வருடத்தில் எடுத்துவிட்டோம். கை குலுக்கிச் சமாதானம் சொல்கிறோம், தீர்த்தத் தொட்டியில் தண்ணீர் வந்துவிட்டது, பாடல் குழுவில் நானும் பழைய இடத்தில் நிற்கிறேன். பழைய இடம் என்றால் எல்லோருக்கும் பழைய இடம்தான். தெருவைப் பெருக்கும் அம்மா மறுபடியும் கடைசித் தூண் பக்கத்தில் போய் உட்கார ஆரம்பித்திருந்தார். யாரும் போகச் சொல்லவில்லை. யாரும் வரச் சொல்லவும் இல்லை.

போன ஞாயிறு பேத்தியிடம், "நோய் வந்தபோது எல்லாரும் ஒருவர் மேல் ஒருவர் படாமல் நிற்கப் போட்ட வட்டம்டா" என்றேன். "அப்ப யாரு முதல் வட்டத்துல நிப்பாங்க?" என்று கேட்டாள். "யார் முதல்ல வர்றாங்களோ அவங்க" என்றேன்.

அடுத்த ஞாயிறு கொஞ்சம் சீக்கிரமே போவதாக இருக்கிறேன். தூண் பக்கத்தில் அந்த அம்மாவோடு உட்கார. அல்லது அவரை முன்னால் கூப்பிட்டுக்கொண்டு போக. அவருக்கு எது சங்கடமில்லையோ அது. அறுபது வயதுக்கு மேல் கற்றுக்கொள்கிறேன் என்று சிரிக்காதீர்கள்.

உங்கள் ஊர்க் கோயிலில், மசூதியில், ஆலயத்தில் அந்த இரண்டு வருடம் எப்படிப் போயிற்று என்று எழுதுங்கள். பேத்தி பெரியவளானதும் படிக்கக் கொடுப்பேன்.