துணைவேந்தரின் நூலும் கடைமடை மாணவரும்

தஞ்சைத் தரணியில் வாழும் நமக்குக் காரைக்கால் அயலூர் அன்று. பாபநாசத்தின் அருகே காவிரியிலிருந்து பிரிந்து, குடந்தையைத் தொட்டுச் செல்லும் அரசலாறு கடலைச் சேர்வது அங்கேதான். காவிரித் தீர்ப்பாயம் 2007ஆம் ஆண்டு புதுவை ஒன்றியப் பகுதிக்கென ஒதுக்கிய 7 டி.எம்.சி. நீரும் அந்தக் கடைமடை வயல்களுக்கு உரியதே. ஆட்சி எல்லையால் அவ்வூர் புதுச்சேரியைச் சேர்ந்திருக்கலாம். மண்ணாலும் பாசனத்தாலும் அது சோழநாடு. அவ்வூர்க் கல்லூரிகள் பலவற்றுக்குப் பட்டம் தருவது 1985இல் நிறுவப்பட்ட புதுவைப் பல்கலைக்கழகம். அதன் வளாகம் ஒன்றும் காரைக்காலில் உண்டு. ஆகவே அப்பல்கலைக்கழகத்தின் தலைமைப் பீடத்தில் நேர்ந்த ஒரு நிகழ்வை நம் வட்டார வரலாற்றின் ஒரு பக்கமாகவே கொண்டு இங்கே பேச முற்படுகிறோம்.

2013ஆம் ஆண்டு சந்திரா கிருஷ்ணமூர்த்தி அப்பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகப் பொறுப்பேற்றார். சட்டத்துறை அறிஞர், முன்னர் மும்பையின் எஸ்.என்.டி.டி. மகளிர் பல்கலைக்கழகத்திலும் துணைவேந்தராக இருந்தவர். சில காலத்துக்குள்ளேயே, அவருடைய தன்விவரக் குறிப்பில் காட்டப்பட்டிருந்த நூல்களையும் கட்டுரைகளையும் பற்றிக் கேள்விகள் எழுந்தன. இந்தியச் சட்டக்கல்வி பற்றி அவர் பெயரில் வெளிவந்த நூலின் பெரும்பகுதி பிறர் எழுத்திலிருந்து பெயர் சொல்லாமல் எடுக்கப்பட்டது என்பது அவற்றுள் முதன்மையான குற்றச்சாட்டு. 2015ஆம் ஆண்டு மாணவரும் ஆசிரியரும் போராட்டத்தில் இறங்கினர். அவ்வாண்டு ஆகஸ்டில் மத்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் அவரைப் பொறுப்பிலிருந்து விலக்கிக் கட்டாயக் காத்திருப்பில் வைத்தது. 2016இல் அவர் பதவி விலகினார். அதன்பின் நிலையான துணைவேந்தர் ஒருவர் வர 2017ஆம் ஆண்டின் இறுதி ஆயிற்று.

ஆண்டுகளைக் கூட்டிப் பார்த்தால் ஒன்று விளங்கும். 2013இல் பட்ட வகுப்பில் சேர்ந்த மாணவன் 2016இல் மூன்றாண்டுப் படிப்பை முடித்து வெளியேறிவிட்டான். தன் பல்கலைக்கழகத்தின் தலைமையைப் பற்றிய கேள்வி முடிவுக்கு வருமுன்பே அவன் பட்டம் பெறும் தகுதியை அடைந்துவிட்டான். தலைமதகில் நீர் கலங்கினால் அங்கிருப்போர் வேறு வாய்க்கால் பார்த்துக்கொள்வர். கடைமடைக்காரன் வந்த நீரைத்தான் பாய்ச்ச வேண்டும்.

இது இந்திய நாட்டின் முதல் நிகழ்வும் அன்று. 2002ஆம் ஆண்டு நைனிதாலின் குமாவுன் பல்கலைக்கழகத் துணைவேந்தரும் இயற்பியலாளருமான பி.எஸ். ராஜ்புத் மீது இதே குற்றச்சாட்டு எழுந்தது. கருந்துளைகளைப் பற்றி அவரும் அவர் மாணவரும் ஐரோப்பிய ஆய்விதழ் ஒன்றில் வெளியிட்ட கட்டுரை, ஸ்டான்போர்டு பல்கலைக்கழகப் பேராசிரியை ரெனாட்டா கல்லோஷ் முன்னரே எழுதியதன் நகல் என்றனர். நோபல் பரிசாளர்கள் உள்ளிட்ட ஸ்டான்போர்டுப் பேராசிரியர்கள் அன்றைய குடியரசுத் தலைவர் அப்துல் கலாமுக்குக் கடிதம் எழுதினர். காவிரிக்கரைத் திருச்சியின் தூய வளனார் கல்லூரியில் இயற்பியல் பயின்ற ஒருவரின் மேசைக்கு அம்முறையீடு வந்து சேர்ந்தது என்பதை நாம் நினைத்துக்கொள்ளலாம். ஓய்வுபெற்ற நீதிபதி எஸ்.ஆர். சிங் தலைமையிலான விசாரணையில் குற்றம் உறுதிப்பட்டது. 2003இல் ராஜ்புத் பதவி விலகினார். ஆனால் இடைப்பட்ட காலத்தில், அச்சிக்கலை வெளிக்கொணர்ந்த இயற்பியல் துறைத் தலைவர் மீதே பல்கலைக்கழக நிர்வாகத்தின் நடவடிக்கை பாய்ந்தது. களவு செய்தவர் யார் என்ற கேள்விக்கு முன்பாக, அதைச் சொன்னவர் யார் என்ற கேள்வி எழுப்பப்படுவது நம் நிறுவனங்களின் பழைய வழக்கம்.

இத்தகைய தருணங்களில் ஒரு சமாதானம் எழுவதை நாம் அடிக்கடி கேட்கிறோம். நம் மரபே எடுத்தாளும் மரபுதானே, முன்னோர் சொன்னதையே பின்னோர் சொல்லி வந்தார்கள், எழுத்துக்கு உரிமை கொண்டாடுவது மேலைநாட்டார் வழக்கம் என்பது அந்தச் சமாதானம். தமிழ் பயின்றோர் வாயிலிருந்தே இது வருவதுதான் வியப்பு. மரபு என்ன சொல்கிறது என்று சற்றே நோக்குவோம்.

தொல்காப்பியத்தின் மரபியல் நூல்களை முதல்நூல் என்றும் வழிநூல் என்றும் பகுக்கிறது. வழிநூலைத் தொகுத்தல், விரித்தல், இரண்டையும் சேரச் செய்தல், மொழிபெயர்த்தல் என நால்வகைப்படுத்துகிறது. பவணந்தியார் நன்னூலில் இவற்றோடு சார்புநூலையும் வைக்கிறார். அதற்கு மேலும் சென்று, முன்னோரின் பொருளை மட்டுமன்றிச் சொல்லையும் அப்படியே எடுத்தாளலாம் என்று இசைவும் தருகிறார். சமாதானம் சொல்வோர் பற்றிக்கொள்ளும் கொம்பு இதுதான். ஆனால் அந்த இசைவு முன்னோரைப் போற்றுதற்காகத் தரப்பட்டது. போற்ற வேண்டுமானால் யாரைப் போற்றுகிறோம் என்பது படிப்போர்க்குத் தெரிந்திருக்க வேண்டும். மேலும், ஒரு நூலை வழிநூல் என்று சொல்லும்போதே அதற்கு முதல்நூல் ஒன்று உண்டென்பது ஒப்புக்கொள்ளப்பட்டு விடுகிறது. பாயிரத்தில் சொல்லப்பட வேண்டியவற்றுள் நூல் வந்த வழியும் ஒன்றென இலக்கணம் வகுத்தவர்கள், மூலத்தை மறைப்பதற்கு இடம் வைத்ததாகக் கொள்ள முடியாது.

கம்பனை எடுத்துக்கொள்வோம். மாயூரத்துக்கு அருகிலுள்ள தேரழுந்தூர் அவன் ஊர் என்பது வழக்கு. பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்களாகப் பயிலப்படும் காப்பியத்தைப் பாடிய அவன், வடமொழியில் இக்கதையைச் சொன்ன மூவருள் முதல்வரைப் பின்பற்றியே தான் பாடுவதாகப் பாயிரத்திலேயே அறிவித்துவிடுகிறான். வான்மீகத்திலிருந்து அவன் விலகிய இடங்கள் எத்தனையோ உண்டு. இது என் கதை என்று சொல்லியிருந்தால் மறுக்க அன்றைக்கு யாரும் வந்திருக்கமாட்டார்கள். ஆயினும் சொன்னான். அந்த அறிவிப்பால் அவன் புகழ் குறையவில்லை. இரு நூல்களையும் அருகருகே வைத்துக் கம்பனின் தனித்தன்மையைக் காணும் வாய்ப்பு அதனால்தான் நமக்குக் கிடைத்தது.

அண்மைக் காலத்துக்கு வந்தால், குடந்தை அரசுக் கல்லூரியில் 1880 முதல் 1903 வரை தமிழாசிரியராக இருந்த உ.வே. சாமிநாதையர் நினைவுக்கு வருகிறார். 1887இல் சீவக சிந்தாமணியையும், 1894இல் புறநானூற்றையும் அச்சேற்றியவர். அவருடைய பதிப்பு முன்னுரைகளைப் புரட்டினால், ஏட்டுப் பிரதி தந்தவர்கள், ஐயம் தீர்த்தவர்கள், உடனிருந்து ஒப்புநோக்கியவர்கள் எனப் பெயர்கள் நிரல்பட வரும். சமண நூலின் நுட்பங்களை அறியக் குடந்தைச் சமணர்களை நாடியதையும் அவர் மறைத்ததில்லை. சரசுவதி மகால் போன்ற சுவடிச் சாலைகளின் ஏடுகளிலும், பிரதி செய்தவன் இறுதியில் தன் பெயரையும் நாளையும் குறித்துப் பிழை பொறுக்க வேண்டிக்கொள்ளும் வழக்கத்தைக் காணலாம். முழு நூலையும் எழுத்தெழுத்தாகப் படியெடுத்தவன் அவன். தான் எழுதியவன் மட்டுமே, இயற்றியவன் அல்லன் என்பதில் அவனுக்குக் குழப்பம் இருந்ததில்லை.

வடமொழியிலும் இதே விழிப்பைக் காண்கிறோம். ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட ராஜசேகரர் தம் காவிய மீமாம்சையில் சொல்லைக் கவர்தல், பொருளைக் கவர்தல் என்று பிரித்து, எது ஏற்கத்தக்கது, எது தகாதது என்று வகைவகையாக ஆராய்கிறார். களவு என்ற எண்ணமே இல்லாத பண்பாட்டில் இத்தனை நுணுக்கமான வகைப்பாடு தோன்றியிருக்க இயலாது.

அவ்வாறாயின் இடையில் என்ன நேர்ந்தது? எழுத்துக்கும் ஊதியத்துக்கும் நேரடி முடிச்சு விழுந்ததே முதற்காரணம் என்று நாம் கருதுகிறோம். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2010ஆம் ஆண்டு நெறிமுறைகள், ஆசிரியர் பணியேற்றத்துக்குப் புள்ளிக் கணக்கைக் கொண்டுவந்தன. கட்டுரைக்கு இத்தனை, நூலுக்கு இத்தனை என்று புள்ளிகள் வகுக்கப்பட்டபின், படிப்பாரற்ற ஆய்விதழ்களும், பணம் பெற்றுக்கொண்டு எதையும் அச்சிடும் பதிப்பகங்களும் பெருகின. துணைவேந்தர் தேர்வுக்கு வரும் விண்ணப்பங்களிலும் இதே எண்ணிக்கைதான் எடை போடப்படுகிறது. தேடுதல் குழுவினர் நூல்களின் எண்ணிக்கையைப் பார்ப்பதற்குப் பதிலாக ஒரே ஒரு நூலையேனும் புரட்டிப் படித்திருந்தால், பின்னர் எழும் போராட்டங்களுள் சில தேவைப்பட்டிரா.

மேலைநாடுகளிலும் இச்சிக்கல் புதிதன்று. செருமனியின் பாதுகாப்பு அமைச்சர் குட்டன்பெர்க் 2011இலும், கல்வி அமைச்சர் அன்னெட் ஷவான் 2013இலும் முனைவர் பட்டத்தைப் பறிகொடுத்துப் பதவி விலகினர். அமெரிக்காவின் தென் கரோலினாப் பல்கலைக்கழகத் தலைவர் இராபர்ட் கேஸ்லன், பட்டமளிப்பு உரையின் ஒரு பகுதியைப் பிறர் உரையிலிருந்து பெயர் சொல்லாமல் எடுத்ததற்காக 2021இல் விலகினார். ஹார்வர்டு தலைவர் கிளாடின் கே 2024 ஜனவரி 2ஆம் நாள் விலகியது இன்னும் சிக்கலான கதை. யூத எதிர்ப்புப் பற்றிய நாடாளுமன்ற விசாரணையில் அவர் தந்த விடைகள் எழுப்பிய புயலோடு, மேற்கோள் குறி இல்லாத வாக்கியங்களைப் பற்றிய குற்றச்சாட்டும் சேர்ந்துகொண்டது. எடுத்தாளப்பட்ட ஆசிரியர்களுள் சிலர் தமக்கு வருத்தமில்லை என்றனர். வேறு சிலர் கொதித்தனர். அரசியற் பகை குற்றச்சாட்டைக் கிளப்பியிருக்கலாம். அதனால் குற்றச்சாட்டு பொய்யாகிவிடாது, மெய்யாகியும் விடாது. அதை ஆராய்ந்து சொல்ல வேண்டியது கல்வி நிறுவனத்தின் கடமை.

அக்கடமையை நிறுவனங்கள் செய்யாதபோது வழக்கு வேறிடம் செல்கிறது. தில்லிப் பல்கலைக்கழக முன்னாள் துணைவேந்தர் தீபக் பென்டல் மீது சக ஆசிரியர் ஒருவர் தொடுத்த வழக்கில், 2014 நவம்பரில் கீழ்நீதிமன்றம் அவரைத் திகார் சிறைக்கு அனுப்பியது. உயர்நீதிமன்றம் அன்றே விடுவித்தது. அறிஞர் அவையில் தீர்க்க வேண்டிய ஒன்று சிறைவாயிலுக்குப் போவது குற்றம் சாட்டியவருக்கும் நன்றன்று, சாட்டப்பட்டவருக்கும் நன்றன்று.

2018இல் பல்கலைக்கழக மானியக் குழு இதற்கெனத் தனி ஒழுங்குமுறைகளை வெளியிட்டது. ஆய்வேட்டில் ஒப்புமை 10 விழுக்காடு வரை இருந்தால் தண்டனை இல்லை. 10 முதல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்தித் தரவேண்டும். 40 முதல் 60 வரை என்றால் ஓராண்டு தடை. 60க்கு மேல் என்றால் பதிவே நீக்கம். நிறுவனத் தலைவர் மீதே புகார் எழுந்தால், அவருக்கு மேலுள்ள கட்டுப்படுத்தும் அதிகாரி நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றும் அதில் சொல்லப்பட்டுள்ளது. மாணவனுக்கு விழுக்காடும் மாதமும் குறித்துச் சொன்ன சட்டம், தலைவருக்கு வந்ததும் தக்க நடவடிக்கை என்ற அளவில் நின்றுவிடுகிறது. கால வரம்பும் இல்லை. புதுவையில் நாம் கண்ட நீண்ட காத்திருப்பு மீண்டும் நேராதிருக்க வேண்டுமானால் இந்த இடம்தான் திருத்தப்பட வேண்டும்.

தமிழாய்வுக்கு இன்னொரு கேடும் உண்டு. விழுக்காடு காட்டும் மென்பொருள்கள் ஆங்கிலத்துக்காகப் பழக்கப்பட்டவை. பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பட்ட ஆய்வேடுகளையும், படமாக வருடி ஏற்றப்பட்டவற்றையும் அவை சரிவரப் படிப்பதில்லை. ஆங்கில நூலொன்றைத் தமிழாக்கித் தன் பெயரில் தருபவன் எளிதில் தப்பிவிடுவான். தொல்காப்பியம் நான்காம் வகையாகச் சொன்ன மொழிபெயர்ப்பு, முதல்நூலின் பெயர் மறைக்கப்பட்டதும் களவாகிவிடுகிறது. இதைக் கண்டறிய இன்றும் நம்பத்தக்க கருவி, பரந்து படித்த தேர்வாளர் ஒருவரே. நெறியாளரும் தேர்வாளரும் ஏட்டை முழுமையாகப் படிப்பது என்ற பழைய கடமைக்கு மாற்று இன்னும் பிறக்கவில்லை.

பதவி விலகலோடு இத்தகைய கதைகள் முடிந்துவிட்டதாக நாம் எண்ணிக்கொள்கிறோம். விலகல் நாற்காலியைக் காலி செய்கிறது. நூல் யாருடையது என்ற கேள்வி அங்கேயே நிற்கிறது. களவாடப்பட்ட பக்கங்களை எழுதியவர்கள் பலநேரம் பெயரறியா இளம் ஆய்வாளர்கள். கூலி வேலை செய்யும் பெற்றோரின் முதல் தலைமுறைப் பட்டதாரி ஒருத்தி, திருவாரூரிலோ காரைக்காலிலோ மூன்றாண்டு கள ஆய்வு செய்து நாட்டுப்புறப் பாடல் தொகுக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவளிடம் உள்ள சொத்து அந்த ஏடு ஒன்றே. அதை மேலிருப்பவர் எடுத்துக்கொண்டால் முறையிட அவளுக்குத் துணிவிருக்காது. முறையிட்டவர்க்கு நேர்ந்ததை அவள் அறிவாள். ஒவ்வொரு பல்கலைக்கழகமும் விசாரணையின் முடிவை வெளிப்படையாக எழுதி வைக்கவும், மூல ஆசிரியரின் பெயரை அவ்வெழுத்தோடு மீண்டும் சேர்க்கவும் வேண்டும். ஏட்டின் கடையில் பிரதி செய்தவன் தன் பெயரையும் பணியையும் நேர்மையாகக் குறித்த இந்த மண்ணில், அது செய்ய முடியாத காரியமன்று.