பதிவேட்டில் ஏறாத இல்லறங்கள்

கொடிவழி என்றவுடன் சோழர் குலமும் பாண்டியர் குலமும் நினைவுக்கு வருவது நம் பள்ளிப் பழக்கம். அரசர் வழியைச் செப்பேடுகள் சொல்லும். பால்மரக் காட்டிலே காலங்கழித்த நம் பாட்டன் பாட்டியர் வழியை எழுதி வைத்தவர் யார்? இன்று அவ்வேலைக்கெனக் கணினிச் செயலிகள் வந்துள்ளன. பெயரையும் பிறந்த நாளையும் இட்டால், தலைமுறை தலைமுறையாகக் கிளைவிரித்துக் காட்டுகின்றன. நம் மாணவர்களும் ஆர்வத்துடன் இதில் இறங்கியிருக்கின்றனர். ஆயினும் இக்கருவி எவரை ஏற்கிறது, எவரை விடுகிறது என்பதை ஆசிரியராகிய நாம் அறிந்திருத்தல் வேண்டும்.

கடந்த பள்ளி விடுமுறையில் என் குடும்பக் கொடிவழியை எழுத அமர்ந்தேன். என் தந்தையைப் பெற்ற பாட்டனார் 1943ஆம் ஆண்டு சயாம் இரயில் பாதை வேலைக்குக் கொண்டு செல்லப்பட்டவர், திரும்பவில்லை. போர் முடிந்தபின் என் பாட்டி, பக்கத்து லயத்திலிருந்த வெட்டுக்காரர் ஒருவருடன் வாழத் தலைப்பட்டார். பந்தல் இல்லை, தாலி இல்லை, பதிவும் இல்லை. 1976ஆம் ஆண்டு அவர் இறக்கும் வரையில், முப்பத்தோராண்டு, அது ஒரே அடுப்பு எரிந்த வீடு. என் தந்தையை வளர்த்துப் பள்ளிக்கு அனுப்பியவர் அவரே. அவருக்குக் கொள்ளி வைத்தவரும் என் தந்தையே. நான் தாத்தா என்றழைத்தது அவரைத்தான்.

செயலி திருமண நாளையும் இடத்தையும் கேட்டது. இரண்டையும் வெற்றாக விட்டேன். அச்சாகி வந்த அட்டவணையிலோ ‘மணந்தார்’ என்றிருந்தது. அது பொய். அவரை நீக்கிப் பார்த்தேன். அவர் வாழ்ந்ததற்கே அடையாளம் இல்லை. அது அதனினும் பெரிய பொய். இச்சிக்கல் எங்கிருந்து வந்தது எனத் தேடியதன் பயனே இக்கட்டுரை.

குடும்பப் பதிவு நெடுங்காலம் சடங்கின் பதிவாகவே இருந்தது. இங்கிலாந்தில் 1538ஆம் ஆண்டு, எட்டாம் ஹென்றி மன்னரின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல், ஒவ்வொரு கோயிற்பற்றும் திருமுழுக்கு, திருமணம், அடக்கம் ஆகிய மூன்றையும் ஏட்டில் பதிய வேண்டுமென ஆணையிட்டார். பிற்காலத்தார் தம் முன்னோரைத் தேடுவதற்கு இவ்வேடுகளே பெருந்துணை. ஆனால் கோயிற்கதவுக்கு வெளியே நடந்த வாழ்க்கை அவற்றில் ஏறவில்லை.

இரு சான்றுகளை நோக்குவோம். ஜார்ஜ் எலியட் என்னும் புனைபெயரால் புகழ்பெற்ற நாவலாசிரியை மேரி ஆன் எவன்ஸ், 1854ஆம் ஆண்டு முதல் ஜார்ஜ் ஹென்றி லூயிஸ் என்னும் எழுத்தாளருடன் வாழ்ந்தார். லூயிசுக்கு முன்பே மனைவி உண்டு. அம்மனைவிக்குத் தம் நண்பர்வழிப் பிறந்த குழந்தைக்கு, 1850ஆம் ஆண்டில், லூயிஸ் தம் பெயரையே தந்தை பெயராகப் பதியவிட்டார். அதனால் மணவிலக்குக்கு வழி அடைபட்டது. எலியட்டும் லூயிசும் மணம் புரியாமலே, 1878இல் லூயிஸ் இறக்கும்வரை இருபத்து நான்கு ஆண்டுகள் இணைந்து வாழ்ந்தனர். 1880 மே மாதத்தில் எலியட் ஜான் கிராஸ் என்பவரை மணந்தார். அவ்வாண்டு டிசம்பரில் காலமானார். பதிவேட்டை மட்டும் நம்பிக் கொடிவழி எழுதுவோன் என்ன எழுதுவான்? ஏழு மாதக் கணவரை எழுதுவான். இருபத்து நான்கு ஆண்டுத் துணைவரை விட்டுவிடுவான். தந்தையல்லாதவரைத் தந்தையென்றும் எழுதுவான்.

மற்றொன்று இரு பெண்களின் வரலாறு. யார்க்ஷயரில் ஷிப்டன் மாளிகைக்கு உரியவரான ஆன் லிஸ்டர், ஆன் வாக்கர் என்பவருடன் 1834ஆம் ஆண்டு ஈஸ்டர் நாளில் யார்க் நகரத் திருத்துவக் கோயிலில் திருவிருந்து பெற்றார். அதனையே தம் திருமணமாக அவர் கருதினார். கோயில் ஏட்டில் இத்திருமணம் இல்லை. நமக்குத் தெரிவதெல்லாம் லிஸ்டரின் நாட்குறிப்பால். ஏறத்தாழ ஐம்பது இலட்சம் சொற்கள் கொண்ட அதில் ஆறில் ஒரு பங்கு மறைகுறியீட்டால் எழுதப்பட்டது. 2018ஆம் ஆண்டு அக்கோயிலில் ஒரு நினைவுப் பலகை வைத்தனர். அது அவருடைய காதலின் இயல்பைத் தெளிவாகச் சொல்லாமல் சுற்றிவளைக்கிறது எனப் பலர் முறையிட, 2019இல் பெண்ணை விரும்பிய பெண் எனப் பொருள்படும் சொல்லைப் பொறித்துப் புதுப்பலகை அமைத்தனர். ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளுக்குப் பின்னரும் ஒரு சொல்லுக்காக வாதாட வேண்டியிருந்தது என்பதைக் கருதுக.

இனிக் கணினிக்கு வருவோம். பல்வேறு செயலிகள் தம்முள் கொடிவழிச் செய்திகளை மாற்றிக்கொள்ள ஒரு பொதுவடிவம் தேவைப்பட்டது. அமெரிக்காவின் மார்மன் திருச்சபை 1984ஆம் ஆண்டில் அதனை வகுத்தது. ஜெட்காம் என்பது அதன் பெயர். 1996இல் வந்த 5.5ஆம் பதிப்பு நெடுங்காலம் நிலைத்தது. அதில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் கணவன் என ஓரிடம், மனைவி என ஓரிடம், பிள்ளைகளுக்கு வேண்டுமளவு இடம். திருமணமோ தனியே எழுதவேண்டிய நிகழ்ச்சி. அதனை எழுதாவிட்டாலும் குடும்பம் குடும்பமாகவே நிற்கும். ஆக, மணமின்றி வாழ்ந்தவர்க்கு அவ்வடிவத்தில் இடம் இருந்தது. ‘மணந்தார்’ என்று தானே சேர்த்து அச்சிட்டது செயலியின் குற்றம். ஒரே பாலினத்து இணையர்க்கு நேரிட்டதோ வேறு. இருவருள் ஒருவரைக் கணவன் என்ற இடத்திலோ மனைவி என்ற இடத்திலோ பொருந்தாமல் வைக்கவேண்டியதாயிற்று. சில செயலிகள் பிழையென்று எச்சரித்தன. சில ஏற்கவே மறுத்தன.

உலகம் அதற்குள் மாறிற்று. 2001 ஏப்ரல் முதல் நாள் நெதர்லாந்து ஒரே பாலினத்தார் திருமணத்தைச் சட்டமாக்கியது. ஆசியாவில் தைவான் 2019இலும், தாய்லாந்து 2025இலும் பின்தொடர்ந்தன. மார்மன் திருச்சபையின் பொதுக் கொடிவழித் தளமும் 2019 டிசம்பரில் இவ்விணையரைப் பதிய வழிசெய்தது. 2021இல் வந்த ஜெட்காம் 7.0, கணவன், மனைவி என்ற அக்குறிகளைக் கொண்டு எவருடைய பாலினத்தையும் ஊகிக்கலாகாது என வரையறுத்தது. கிராம்ப்ஸ் போன்ற செயலிகளில் மணம் புரிந்தவர், மணம் புரியாதவர், சட்டவழி இணையர் என உறவின் வகையைத் தேர்ந்தெடுக்கலாம்.

இங்கே ஒன்றை ஊன்றி நோக்குதல் வேண்டும். அத்திருச்சபை இத்தகைய திருமணங்களைத் தன் கோட்பாட்டில் இன்றும் ஏற்கவில்லை. ஏற்காதது வேறு, நடந்ததை எழுதுவது வேறு என்பதை அது உணர்ந்தது. மலேசியச் சட்டமும் ஆணும் பெண்ணும் செய்யும் மணத்தையே மணமாகக் கொள்கிறது. எனினும், வெளிநாட்டில் தம் துணையுடன் வாழும் சிற்றப்பனையோ அத்தையையோ ‘மணமாகாதவர்’ என்று எழுதி முடித்தால், பேரப்பிள்ளைகள் பொய்யைப் படிப்பர். ஒருவருடைய வாழ்வை மெச்சுவதற்கும் இகழ்வதற்கும் கொடிவழி கருவியன்று.

நம் நாட்டுப் பதிவேடும் முழுமையானதன்று. 1976ஆம் ஆண்டின் திருமணம், மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம் 1982 மார்ச் முதல் நாள் நடைமுறைக்கு வந்தபின்னரே முஸ்லிம் அல்லாதார் மணங்களுக்குப் பதிவு கட்டாயமாயிற்று. வழக்கமுறைப்படி அதற்குமுன் செய்த மணங்களைச் சட்டம் ஏற்றுக்கொண்டது. ஆனால் தோட்டங்களில் நடந்த பலவற்றுக்குத் தாள் இல்லை. 1957ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி, பெற்றோர் மணம் புரியாதவராயின், இருவரும் சேர்ந்து கேட்டாலன்றித் தந்தை பெயர் ஏறாது. தாளை மட்டும் பார்த்தால் நம் குடும்பங்களிற் பல தந்தையற்றவையாகத் தோன்றும்.

ஆகவே ஆசிரிய அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். மாணவன் கொடிவழி எழுதி வரும்போது, வெற்றிடத்தைக் கண்டு வகுப்பின் நடுவே காரணம் கேளாதீர். இணைந்து வாழ்ந்ததை ஒன்றாகவும், சடங்கை வேறாகவும், பதிவை வேறாகவும் எழுதக் கற்பியுங்கள். எந்தச் செய்தி எவர் வாயிலாகக் கிடைத்தது என்பதையும் குறிக்கச் சொல்லுங்கள். உயிரோடிருப்பவரைப் பற்றி அவர் இசைவின்றி எழுதுதல் தகாது. அவர் மறைக்க விரும்புவதை வெளியிடுவது வரலாறு ஆகாது.

என் பாட்டியின் பக்கத்தைத் திருத்திவிட்டேன். சயாமில் மறைந்த பாட்டனார் என் தந்தையின் பிறப்புவழித் தந்தையாக நிற்கிறார். அடுத்தவரின் உறவு வகை: மணம் புரியாதவர். காலம்: 1945 முதல் 1976 வரை. என் தந்தைக்கு அவரோடுள்ள தொடர்பு: வளர்ப்பு மகன். சான்று என்னும் இடத்தில், ‘பேரன் கண்டது’ என எழுதினேன். இப்போது அச்சிட்டால் ‘மணந்தார்’ என்று வருவதில்லை. தாத்தாவின் பெயர் தவறாமல் வருகிறது.