கிஃபியின் கதை: வளர்ச்சி எண்டு நாம் எதைச் சொல்கிறோம்?

2022ஆம் ஆண்டு பிரித்தானியாவில் ஒரு விசாரணை நடந்தது. அதில் ஒரு கம்பனி தன்னைப் பற்றித் தானே சொன்ன வாதம் கொஞ்சம் விசித்திரமானது. எங்கள் சரக்குக்கு இப்போது மவுசு இல்லை, இளம் ஆக்கள் இதைக் 'கிரிஞ்ச்' எண்டு சொல்கிறார்கள், வயசு போன ஆக்களின் சாமான் எண்டு நினைக்கிறார்கள் என்பதுதான் அந்த வாதம். கம்பனிகள் வழமையாகத் தங்களைப் பற்றிப் பெருமைதான் அடிப்பார்கள். இந்தக் கம்பனி ஏன் தன்னைத்தானே மட்டம் தட்டியது?

அந்தக் கம்பனியின் பெயர் கிஃபி. நாங்கள் சட்டில் அனுப்புகிற அசையும் படங்களைத் தேடி எடுத்துத் தருகிற நிறுவனம். அந்த வாதத்தில் வருகிற 'இளம் ஆக்கள்' வேறு யாருமில்லை, நாங்கள்தான். எங்கள் ரசனையை ஒரு கம்பனி சாட்சிக்குக் கூப்பிட்டிருக்கிறது எண்டால், அந்தக் கதையை நாங்களும் தெரிந்து வைத்திருக்க வேண்டாமா?

கிஃபிக்கு முன்பு

ஜிஃப் என்ற கோப்பு வடிவம் 1987இல் வந்தது. அமெரிக்காவின் கொம்பியூசேர்வ் நிறுவனத்தில் ஸ்டீவ் வில்ஹைட் தலைமையிலான குழு அதை உருவாக்கியது. தொலைபேசி வயர் வழியாக இணையம் ஆமை வேகத்தில் ஊர்ந்த காலம் அது. நிறப் படங்களைச் சுருக்கி அனுப்ப ஒரு வழி தேவைப்பட்டது. ஒரு சட்டத்தில் 256 நிறங்கள்தான், ஆனால் கோப்பு சிறியது. 1989இல் வந்த திருத்தப் பதிப்பில், ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையில் எவ்வளவு நேரம் விடவேண்டும் எண்டு குறிக்க வழி வந்தது. 1995இல் நெட்ஸ்கேப் உலாவி அதைச் சுழல வைத்தது. படம் முடிந்த இடத்தில் திரும்பத் தொடங்கும், நிற்காது. நாங்கள் இப்போது ஜிஃப் எண்டு சொல்வது உண்மையில் இந்தச் சுழற்சியைத்தான்.

இடையில் ஒரு சண்டையும் நடந்தது. ஜிஃப் பயன்படுத்திய சுருக்க முறைக்கான காப்புரிமை யுனிசிஸ் என்ற நிறுவனத்திடம் இருந்தது. 1994 கடைசியில், இதைப் பயன்படுத்தும் மென்பொருட்களுக்கு உரிமக் கட்டணம் வேண்டும் எண்டு அறிவிப்பு வந்தது. கோபப்பட்டவர்கள் பிஎன்ஜி என்ற புதிய வடிவத்தையே உருவாக்கிவிட்டார்கள். அமெரிக்காவில் அந்தக் காப்புரிமை 2003இல் காலாவதியானது. அதற்குப் பிறகு ஜிஃப் யாருடைய சொத்தும் இல்லை. இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்திருங்கோ, கடைசியில் தேவைப்படும்.

உச்சரிப்புச் சண்டை வேறு. வில்ஹைட் 'ஜிஃப்' என்றார், 2013இல் விருது வாங்கியபோதும் அதையே வலியுறுத்தினார். கிஃபி கம்பனியோ 'கிஃப்' பக்கம். ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் தப்பிவிடலாம், தமிழில் எழுதினால் ஒரு பக்கம் நின்றே ஆகவேண்டும். நாங்கள் படத்துக்கு வில்ஹைட்டின் பேச்சையும் கம்பனிக்குக் கம்பனியின் பேச்சையும் எடுத்திருக்கிறோம்.

தேடல் பெட்டிக்குள் உணர்ச்சி

2013 பெப்ரவரியில் நியூயோர்க்கில் அலெக்ஸ் சங், ஜேஸ் குக் என்ற இருவர் கிஃபியைத் தொடங்கினார்கள். மனிசர் எழுத்தை விட்டுப் படங்களாலேயே கதைக்கத் தொடங்கிவிட்டார்கள் என்ற பேச்சு ஒரு காலைச் சாப்பாட்டில் வந்ததாகவும், அதில்தான் இந்த யோசனை பிறந்ததாகவும் சொல்வார்கள். பீட்டாவேர்க்ஸ் என்ற முதலீட்டு நிறுவனம் பின்னால் நின்றது.

அவர்கள் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. டம்ளர் தளத்தில் ஜிஃப்கள் ஏற்கனவே குவிந்து கிடந்தன. 2012இல் ஒக்ஸ்போர்ட்டின் அமெரிக்க அகராதிப் பிரிவு அந்த வருடத்தின் சொல்லாக 'ஜிஃப்'பைத் தேர்ந்திருந்தது. குவியலுக்குள் தேட மட்டும்தான் வழி இல்லை. கிஃபி அந்தத் தேடல் பெட்டியைக் கொடுத்தது. ஆனால் அந்தப் பெட்டியில் ஆக்கள் தட்டியது படத்தின் பெயரையோ நடிகரின் பெயரையோ மட்டும் அல்ல. 'சந்தோசம்', 'களைப்பு', 'போடா' போன்றவற்றைத் தட்டினார்கள். உணர்ச்சிகளுக்கு ஒரு அகராதி உருவானது.

தமிழில் கதைக்கிற எங்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. வடிவேலு முழிக்கிற ஒரு முழியை அனுப்பினால் போதும், பத்து வரி எழுதத் தேவையில்லை. எந்தப் படம், எந்தக் காட்சி எண்டு தெரியாதவர்களுக்கும் அந்த முழியின் அர்த்தம் தெரியும்.

மற்றவர் வீட்டு வாசலால்

கிஃபி வளர்ந்த விதம்தான் இந்தக் கதையின் முக்கியமான பகுதி. தன் சொந்தத் தளத்துக்கு ஆட்களைக் கூப்பிட்டு வளர்ந்த கம்பனி இல்லை அது. தன் களஞ்சியத்தை மற்றச் செயலிகளுக்குத் திறந்து விட்டது. ஸ்லாக்கில் ஒரு கட்டளை தட்டினால் கிஃபி வரும். 2015இல் பேஸ்புக் மெசெஞ்சருக்குள் போனது. 2016இல் டிண்டருக்குள், டுவிட்டருக்குள் போனது. 2018 ஜனவரியில் இன்ஸ்டகிராம் ஸ்டோரிகளில் ஒட்டுகிற ஸ்டிக்கராக வந்தது.

எண்கள் பாய்ந்தன. 2016 பெப்ரவரியில் 55 மில்லியன் டொலர் முதலீடு வந்தபோது கம்பனியின் பெறுமதி 300 மில்லியன் டொலர். அதே வருடம் ஒக்டோபரில் இன்னும் 72 மில்லியன் வந்தபோது பெறுமதி 600 மில்லியன். எட்டு மாதத்தில் இரட்டிப்பு! அந்த நேரம் ஒரு நாளைக்கு 100 மில்லியன் பேர் பயன்படுத்துவதாகக் கம்பனி சொன்னது. 2017 நடுப்பகுதியில் 200 மில்லியன் எண்டார்கள்.

ஆனால் அந்தக் கோடிக்கணக்கான ஆக்களில் எத்தனை பேர் கிஃபியின் தளத்தை ஒருதரமாவது திறந்திருப்பார்கள்? அவர்கள் நின்றது வேறொருவரின் வீட்டில். வாசல் யாருடையதோ, கதவைச் சாத்துகிற உரிமையும் அவருடையது. 2018 மார்ச்சில் கிஃபியின் ஸ்டிக்கர்களுக்குள் ஒரு இனவாதப் படம் கண்டுபிடிக்கப்பட்டபோது இது வெளிச்சமானது. ஸ்னப்சட்டும் இன்ஸ்டகிராமும் உடனே கிஃபியைத் தூக்கிவிட்டன. கம்பனி மன்னிப்புக் கேட்டு, ஸ்டிக்கர்களை மீளச் சோதித்த பிறகுதான் இன்ஸ்டகிராமின் கதவு திறந்தது. அந்தப் படத்தை நீக்கியது நூறு வீதம் சரி. நாங்கள் கவனிக்க வேண்டியது, ஒரே நாளில் இரண்டு வாசல் மூடுப்பட்ட வேகத்தை.

வருமானமும் பின்தங்கியே இருந்தது. பெப்சி, டங்கின் டோனட்ஸ் போன்ற வணிகப் பெயர்கள் ஜிஃப் வழியாக விளம்பரம் செய்ய ஒரு முறையைக் கிஃபி அமெரிக்காவில் தொடங்கியிருந்தது. அது கால் ஊன்றவில்லை.

வாங்கியவரும் தடுத்தவரும்

2020 மே மாதம் பேஸ்புக் கிஃபியை வாங்கியது. 400 மில்லியன் டொலர் எண்டு செய்திகள் வந்தன. கிஃபிக்கு வருகிற போக்குவரத்தில் பாதி எங்கள் செயலிகளில் இருந்துதான் எண்டு பேஸ்புக்கே அப்போது சொன்னது. வாசல்காரர் கடையையே வாங்கிவிட்டார். இணைப்போடு கிஃபியின் விளம்பரச் சேவையும் நிறுத்தப்பட்டது.

பிரித்தானியாவின் போட்டி மற்றும் சந்தைகள் அதிகாரசபை இந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. அந்த நாட்டில் ஆக்கள் சமூக ஊடகங்களில் செலவழிக்கும் நேரத்தில் 73 வீதம் ஏற்கனவே பேஸ்புக், வட்ஸ்அப், இன்ஸ்டகிராமுக்குள்தான் எண்டு அது கணக்குக் காட்டியது. டிக்டொக், ஸ்னப்சட் போன்ற போட்டியாளர்களுக்கு ஜிஃப் கிடைப்பதை பேஸ்புக் தடுக்கலாம். விளம்பரச் சந்தையில் போட்டியாக வந்திருக்கக்கூடிய ஒருவரும் இல்லாமல் போய்விட்டார். அதிகாரசபையின் கவலைகள் இவை. 2021 ஒக்டோபரில், விசாரணைக்கால உத்தரவை மீறியதற்காக 50.5 மில்லியன் பவுண் தண்டப்பணம். நவம்பரில், கிஃபியை விற்கும்படி உத்தரவு. மேன்முறையீட்டிலும் அதிகாரசபையின் முடிவு பெரும்பாலும் நிலைத்தது. 2022 ஒக்டோபரில் இறுதி முடிவும் அதே. மெட்டா எண்டு பெயர் மாற்றியிருந்த கம்பனி அதை ஏற்றுக்கொண்டது.

'கிரிஞ்ச்' வாதம் வந்தது இந்த மேன்முறையீட்டுக்கும் இறுதி முடிவுக்கும் இடையில்தான். மெட்டாவைத் தவிர எங்களை வாங்க ஆளில்லை என்றும் கிஃபி வாதாடியது. தன் பெறுமதியைக் குறைத்துச் சொல்வது அந்த இடத்தில் அதற்கு லாபம். இப்போது விளங்குகிறதா, எங்கள் ரசனை எதற்காகச் சாட்சிக்குப் போனது எண்டு?

2023 மே மாதம் ஷட்டர்ஸ்டொக் கிஃபியை 53 மில்லியன் டொலருக்கு வாங்கியது. 600 எங்கே, 53 எங்கே! வேடிக்கை என்னவென்றால், அந்த விற்பனை அறிவிப்பிலேயே ஒரு நாளைக்கு 1.7 பில்லியன் பேரைக் கிஃபி சென்றடைகிறது எண்டு இருந்தது. மெட்டாவின் செயலிகளுக்கும் ஒப்பந்தப்படி ஜிஃப்கள் தொடர்ந்து போயின.

நாங்கள் எடுத்துக்கொள்வது

இந்த ஏழு வருடத்தில் பயன்பாடு ஏறியது, விலை விழுந்தது. ஆகவே ஒரு கம்பனியின் பெறுமதி என்பது அதை எத்தனை பேர் பாவிக்கிறார்கள் என்பதன் அளவு இல்லை. பாவிக்கிறவருக்கும் அதற்கும் இடையில் யார் நிற்கிறார் என்பதன் அளவு. 'ஒரு மில்லியன் பாவனையாளர்கள்' எண்டு யாராவது பெருமையாகச் சொன்னால், எந்த வாசலால் வந்த மில்லியன் எண்டு கேட்கப் பழகவேண்டும். இங்கே செயலி செய்கிற, யூடியூப் சனல் நடத்துகிற, பேஸ்புக் பக்கத்தை மட்டும் நம்பிக் கடை போடுகிற எங்கள் நண்பர்களுக்கும் இந்தக் கேள்வி பொருந்தும்.

இன்னொன்று. கிஃபி பத்து வருடத்தில் இரண்டு தரம் கை மாறியது. காப்புரிமை முடிந்த ஜிஃப்போ 1987இல் இருந்து ஓடிக்கொண்டிருக்கிறது, அதை யாரும் விற்கவும் முடியாது, வாங்கவும் முடியாது. அடுத்தமுறை வட்ஸ்அப்பில் ஒரு முழியைத் தேடும்போது, அந்தத் தேடல் பெட்டியில் யாருடைய பெயர் இருக்கிறது எண்டு ஒருக்கால் பாருங்கோ. பெட்டிதான் அவர்களுடையது. முழியை விளங்கிக்கொள்கிற பாசை எங்களுடையது.