யூடோரா சொல்லித் தரும் பாடம்

1988ல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஸ்டீவ் டார்னர் எழுதிய மின்னஞ்சல் மென்பொருள் தான் யூடோரா. தபால் நிலையத்தில் குடியேறும் பெண்ணைப் பற்றிச் சிறுகதை எழுதிய யூடோரா வெல்டியின் பெயரையே அதற்கு வைத்தார். 1991ல் குவால்காம் அதை வாங்கியது. 2006ல் கைவிடுவதாக அறிவித்தது.

மென்பொருள் போனாலும் மடல்கள் போகவில்லை! அவற்றை அது சாதாரண எழுத்துக் கோப்பாகவே சேமித்ததால் நோட்பேடில் கூடத் திறக்கலாம். அவுட்லுக் 2002 வரையிலான பி.எஸ்.டி. கோப்போ 2 ஜிபியைத் தாண்டினால் பழுதாகும் அபாயம் இருந்தது.

தண்டர்பேர்டு பயன்படுத்துபவர்களுக்கு என் யோசனை:

1. அழித்த மடல்கள் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும். அவ்வப்போது ஃபோல்டரைக் 'காம்பாக்ட்' செய்யுங்கள்.
2. மாதம் ஒருமுறை, மென்பொருளை மூடிவிட்டு ப்ரொஃபைல் ஃபோல்டரை முழுதாக நகலெடுங்கள்.

மென்பொருள் இன்று வரும், நாளை போகும். மடல்கள் நம்முடையவை!